எங்க வீட்டுப் பின்பக்கத்துல நின்னு நட்சத்திரம் பாக்க நான் பட்ட பாடு

நட்சத்திரம் பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு யாருகிட்ட சொன்னாலும் ரெண்டே பதில்தான் வரும், ஒண்ணு டெலஸ்கோப் வாங்கு, இன்னொண்ணு ஹான்லேக்குப் போ. லடாக்குல இருக்கு அந்த ஹான்லே, 2022 கடைசியில அங்க ராத்திரி இருட்டைப் பாதுகாக்கணும்னு ஒரு பகுதியையே ஒதுக்கி அறிவிச்சாங்க. நான் இருக்கது கன்னியாகுமரி மாவட்டத்துல திங்கள்நகர் பக்கம். நாட்டுக்கு இந்தக் கடைசியில இருக்கவ அந்தக் கடைசிக்குப் போய்தான் வானத்தைப் பாக்கணுமான்னு இருந்துச்சு. வீட்டுக்காரரு மஸ்கட்டுல, வீட்டுல மாமியும் படிக்கிற மகளும், நான் நெனச்ச நேரம் பையைத் தூக்கிட்டுக் கிளம்ப முடியாது. இருக்கது வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம், நாலு தென்னை, ரெண்டு கமுகு, ஒரு துணி காயப்போடுற கொடி, அதுக்கு அங்குட்டு மதில், மதிலுக்கு வெளிய ஒரு தெருவிளக்கு. இந்த இடத்துல இருந்து வெறுங்கண்ணால என்ன பாக்கலாம், அதுக்கு என்னெல்லாம் செய்யணும்னு எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வருஷமும் பதினெட்டாயிரம் ரூபா வாக்குல பணமும் மிச்சமாயிருக்கும். சொல்ல ஆளில்ல, அதனால நான் சொல்லிடுதேன்.

ஆரம்பிச்சது 2024 அக்டோபர்ல. அந்த மாசம் ஒரு வால் நட்சத்திரம் வந்துச்சே, சுச்சின்ஷான் அட்லஸ்னு வாயில நுழையாத பேரு, செல்போனைத் திறந்தாலே அந்தப் போட்டோதான். நீளமா வெள்ளையா வாலை விரிச்சுக்கிட்டு, கீழ ஒரு மலையோ குளமோ. சாயங்காலம் சூரியன் மறைஞ்ச பிறகு மேற்க தெரியும்னு போட்டிருந்தாங்க. எங்க வீட்டுல மேற்க பூரா தென்னந்தலைதான், அதனால ஒரு காரு பேசி மகளையும் மாமியையும் கூட்டிட்டு கடற்கரைக்குப் போனோம், வாடகை, வழியில டீ, பஜ்ஜி எல்லாம் சேர்ந்து 2200 ரூபா. அங்க போனா கடலுக்கு மேல ஒரே மேகம், போதாததுக்கு தலைக்கு மேல ஹைமாஸ்ட் லைட்டு பகல் மாதிரி எரியுது. மேகம் விலகின கொஞ்ச நேரத்துல வெள்ளி தெரிஞ்சுது, வால் நட்சத்திரம்னு நான் நெனச்சது ஒரு மங்கலான கீறல், அது அதுதானான்னு இப்பவும் சத்தியம் பண்ண மாட்டேன். மாமி காருல இருந்து இறங்கவே இல்ல. அழுகை வந்துட்டு, உண்மையச் சொல்லுதேன். பிறகுதான் தெரிஞ்சுது, அந்தப் போட்டோவெல்லாம் கேமராவைப் பல நொடி, சில சமயம் நிமிஷக்கணக்குல திறந்து வச்சு வெளிச்சத்தைச் சேத்துச் சேத்து எடுக்கது. நம்ம கண்ணு அப்படிச் சேத்து வைக்காது, அந்தந்த நேரத்துல விழுகதை மட்டும்தான் காட்டும். அதனால போட்டோவைப் பாத்துட்டு வெளிய வந்தா ஏமாத்தம் நிச்சயம், அதுலயும் அடிவானத்துக்குப் பக்கத்துல இருக்க எதையும் வெறுங்கண்ணால பாக்கப் போறதுக்கு முன்னாடி பகல்லயே அந்த இடத்துக்குப் போய் அந்தத் திசையில லைட்டு, மரம், கட்டடம் என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்திருங்க. காரு வாடகை மிஞ்சும்.

அடுத்தது டெலஸ்கோப். கொழுந்தன் ஆன்லைன்ல பாத்து ஆர்டர் போட்டுத் தந்தாரு, பணம் நான் குடுத்தது, 8700. பெட்டி மேல 525 மடங்கு பெருசாக் காட்டும்னு எழுதியிருந்துச்சு. அதோட முன்கண்ணாடி அகலம் 60 மில்லிமீட்டர். அந்த அகலத்தை ரெண்டால பெருக்கினா வாறதுதான் அது தாங்குற எல்லை, அதாவது 120 மடங்கு, அதுக்கு மேல போனா வெறும் கலங்கல்தான். இந்தக் கணக்கு தெரியாம இந்த மாதிரிப் பெட்டி வாங்கக் கூடாது. மூணுகால் ஸ்டாண்டு வேற, காத்தடிச்சா நிலாவே துள்ளும். வடகிழக்கு மழை தொடங்கி நவம்பர் முழுக்க வானமே தெரியல, திருப்பி அனுப்புற தேதியும் தாண்டிப் போச்சு. அதைப் பத்தி இவ்வளவு போதும்.

டிசம்பர்ல மழை விட்டு விட்டு வானம் தெளிஞ்சப்போ இன்னொரு கூத்து. எங்க ஊருப் பக்கம் கிறிஸ்மஸ் வந்தா வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டுவாங்க, எங்க வீட்டுலயும் மகளுக்காக ஒண்ணு உண்டு, முன்னால பேப்பர்ல இருந்துச்சு, இப்ப எல்.இ.டி., மினுக் மினுக்குன்னு கலரு மாறிட்டே இருக்கும். தெரு முழுக்க நூறு நட்சத்திரம் தொங்குது, மேல பாத்தா நாலு கூடக் கிடையாது. சிரிப்பா வந்துச்சு.

சரியா உட்கார்ந்து பாக்கத் தொடங்கினது 2025 ஜனவரியில. எங்க மாவட்டத்துக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, ரெண்டு மழையும் வாங்குற ஊரு, அதனால வானம் பாக்க நல்ல காலம்னா ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான். ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் ஒரு கோடை மழை பெஞ்சு தூசியெல்லாம் அடங்கி எட்டு மணிக்கு மேல தெளிஞ்சா அது தனி யோகம். ஆனி ஆடியில சாரலும் மேகமுமா இருக்கும், அப்ப வெளிய நாற்காலி போட்டு உட்கார்ந்து மனசை ஒடைச்சுக்காதீங்க.

இப்ப அந்தத் தெருவிளக்கைப் பத்தி. முன்னால மஞ்சளா ஒரு சோடியம் லைட்டுதான் கெடந்துச்சு, பிறகு வெள்ளை எல்.இ.டி. மாட்டிட்டாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு, கரண்டும் கம்மி. ஆனா அந்த வெள்ளையில நீலம் கூடுதல், நீல வெளிச்சம்தான் காத்துல ரொம்பச் சிதறும், பகல்ல வானம் நீலமா இருக்கதும் அதனாலதான். அதனால ஊருக்கு மேல வெளுப்பா ஒரு மூட்டம் எப்பவும் நிக்கும். அந்த மூட்டத்தை என்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு பல நாள் நொந்து போயிருந்தேன். ஒரு நாள் கொடியில மாமியோட ஈரச்சேலை தொங்குச்சு, அதோட நிழல்ல போய் யதேச்சையா நின்னேன், கொஞ்ச நேரத்துல இதுவரைக்கும் பாக்காத நட்சத்திரமெல்லாம் ஒவ்வொண்ணா வருது! அப்பத்தான் புரிஞ்சுது, நம்மள மாதிரி சின்ன ஊருல, பின்பக்கத்துல நின்னு பாக்கவங்களுக்கு முக்கால்வாசித் தொந்தரவு வானத்து மூட்டத்தால வரல, பல்பு வெளிச்சம் நேரா கண்ணுல விழுகதால வருது. மூட்டத்தை மறைக்க முடியாது, பல்பை மறைக்கலாம்.

மறுநாளே பழைய நீலத் தார்ப்பாயை எடுத்து ரெண்டு கமுகங்கம்புல கட்டி மதிலோரம் நிக்க வச்சேன். செலவு ஒண்ணுமில்ல. அதோட நிழல் எங்க விழுகுதுன்னு பாத்து அங்க நாற்காலி. இந்தப் பக்கம் எதிர் வீட்டு மாடி லைட்டுக்கு ஒரு கறுப்புக் குடையை விரிச்சுச் சாச்சு வைப்பேன். நம்ம வீட்டு அடுக்களை ஜன்னல், பாத்ரூம் லைட்டு, இன்வெர்ட்டர்ல மினுங்குற சின்ன லைட்டு, எல்லாத்தையும் முதல்ல நாமளே அணைக்கணும். அதுக்குப் பிறகு ஒரு இருபது முப்பது நிமிஷம் எந்த வெளிச்சத்தையும் பாக்காம இருக்கணும், கண்ணு இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் எடுக்கும், அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் தெரியலன்னு உள்ள போயிடக் கூடாது. நடுவுல வாட்ஸ்அப் பாத்தீங்கன்னா திரும்ப முதல்ல இருந்துதான். டார்ச் வேணும்னா சிவப்புக் கலரு கண்ணாடிப் பேப்பரை நாலா மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிருங்க, மங்கின சிவப்பு வெளிச்சம் கண்ணை ரொம்பக் கெடுக்காது. இன்னொரு வித்தை, மங்கலான ஒண்ணை நேருக்கு நேரா முறைச்சா மறைஞ்சு போகும், கொஞ்சம் பக்கவாட்டுல பாத்தா தெரியும், ஏன்னா இருட்டுல வேலை செய்யுற செல்லு கண்ணோட நட்டநடுவுல கிடையாது, சுத்தித்தான் இருக்கு.

கண்ணைப் பத்திச் சொல்லும்போது இதையும் சொல்லணும். எனக்கு நட்சத்திரமெல்லாம் முள்ளு முள்ளா, வாலு வச்ச மாதிரித் தெரிஞ்சுது. நட்சத்திரம்னா அப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். மகளுக்கு அப்படித் தெரியலன்னு சொன்னதும்தான் போய் கண்ணைச் சோதிச்சேன், தூரப்பார்வை கொஞ்சம் கம்மி, கூட சிலிண்டர் பவரும் இருக்காம். பகல்ல கண்மணி சுருங்கி இருக்கதால சின்னப் பவரு குறை தெரியாது, ராத்திரி கண்மணி விரியும்போது அந்தக் குறை பெருசாத் தெரியும். கண்ணாடி 2800 ரூபா. நான் செலவழிச்சதுல முழுசா பலன் தந்தது இது ஒண்ணுதான். டெலஸ்கோப் வாங்க நெனைக்கவங்க முதல்ல இதைப் பாருங்க. கண்ணாடி போட்டு ஏப்ரல்ல வடக்க சப்தரிஷி மண்டலத்தைப் பாத்தேன், வாலுல நடு நட்சத்திரம் வசிட்டர், அதை ஒட்டி மங்கலா அருந்ததி, ரெண்டும் தனித்தனியா. என் கல்யாணத்துல பட்டப்பகல்ல கையைக் காட்டி அருந்ததி பாத்தாச்சான்னு கேட்டாங்க, நானும் பாத்தாச்சுன்னு சொன்னேன், நெசமாப் பாக்க இத்தனை வருஷம் ஆயிருக்கு.

இனி யாரும் சொல்லித் தராத விஷயம், ஆளுகளோட பேச்சு. ஒரு பொம்பளை ராத்திரி பத்து மணிக்கு எல்லா லைட்டையும் அணைச்சுட்டு தார்ப்பாய் மறைவுல தனியா நின்னு வானத்தைப் பாத்தா ஊரு சும்மா இருக்குமா. ஒரு நாள் பக்கத்து விளைக்காரரு, விளைன்னா தோப்பு, மதிலுக்கு மேல டார்ச்சை நேரா என் முகத்துல அடிச்சு "ஆருலே அது?"ன்னு ஒரு சத்தம். நான்தான் மாமான்னு சொன்னதுக்கு, "ஏ பிள்ள, நீயா? இந்நேரத்துல இங்க என்ன செய்யுத?"ன்னாரு. நட்சத்திரம் பாக்கேன்னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பிறகு மேல பாத்தாரு, என்னைப் பாத்தாரு, போயிட்டாரு. ரெண்டு நாள்ல மாமி காதுக்கு என்னெல்லாமோ வந்துட்டு. போன்ல யாருகிட்டயோ பேசுகான்னு ஒரு கூட்டம், பேய் பிடிச்சிருக்குன்னு இன்னொரு கூட்டம், தார்ப்பாய் கட்டி மதிலை நகத்தப் பாக்கான்னு கூட ஒருத்தர். மாமி, "ஊரு வாயை அடைக்க முடியாது மக்களே, ஆளுவ கண்டபடி பேசுகாவ, நீ மாடியில போய் நின்னு பாரு"ன்னாங்க. மாடியில நின்னா நாலு பக்கத்து லைட்டும் கண்ணுல அடிக்கும்னு அவங்களுக்கு எப்படிச் சொல்ல. ஒரு வாரம் வெளிய போகவே இல்ல, கோபமும் அவமானமுமா இருந்துச்சு. ஆம்பளை நின்னா பொழுதுபோக்கு, நான் நின்னா பேயி!

கடைசியில வழி பொறந்தது பிள்ளைகளாலதான். மகளோட சேக்காளிகள் ரெண்டு மூணு பேரை அவங்க அம்மாமாரோட வரச்சொல்லி வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நாலு கிரகத்தையும் காட்டினேன், அந்த ஜனவரியில சாயங்காலம் நாலும் ஒண்ணா வானத்துல இருந்துச்சு, வெள்ளியும் சனியும் மேற்க, வியாழன் தலைக்கு மேல, செவ்வாய் கிழக்க. அவ்வளவுதான், பேச்சு அடங்கிப் போச்சு. அதனால என் யோசனை, முதல் நாள் வெளிய நிக்கதுக்கு முன்னாடியே சுத்தி இருக்க வீட்டுல, முக்கியமா மதிலுக்கு அங்குட்டு இருக்கவங்ககிட்ட, இன்ன நேரம் இன்ன காரணத்துக்கு நிப்பேன்னு சொல்லிருங்க. பொம்பளைங்க கட்டாயம் சொல்லுங்க, ஆம்பளைங்களும் சொல்லுங்க, திருட்டுப் பயம் இருக்க இடத்துல இருட்டுல நிக்கவனை முதல்ல அடிச்சுட்டுத்தான் பேரு கேப்பாங்க.

உடம்பு விஷயம். நின்னுக்கிட்டே அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து பிடிச்சுக்கிச்சு, இடது கை வரைக்கும் வலி இறங்கிட்டு. டாக்டரு, எக்ஸ்ரே, பிசியோதெரபி, எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேல. நமக்கு இங்க முக்கியமான நட்சத்திரமெல்லாம் உச்சந்தலைக்கு மேல போறதால இந்தக் கழுத்துத் தொந்தரவு ஜாஸ்தி. நாகர்கோவில் இருக்கது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்க, அதனால மிருகசீரிடம் பக்கத்துல ஒரே வரியில மூணு நட்சத்திரம் நிக்குமே, வேட்டைக்காரன் இடுப்புப் பட்டைன்னு சொல்லுவாங்க, அது கிட்டத்தட்ட நேர் கிழக்க உதிச்சு தலைக்கு மேல போய் நேர் மேற்க மறையும். திருவாதிரை நட்சத்திரம் இன்னும் மோசம், கிட்டத்தட்ட சரியா உச்சியிலயே போகும். அதனால நிக்காதீங்க, கயித்துக்கட்டிலோ சாய்வு நாற்காலியோ போட்டுப் படுத்துருங்க. கட்டிலைப் போடும்போது மேல பாருங்க, தென்னைக்குக் கீழ போடக் கூடாது, தேங்காயும் மட்டையும் நேரம் பாத்து விழாது. பகல்லயே சருகைப் பெருக்கிருங்க, இருட்டுல செருப்பில்லாம இறங்காதீங்க, எங்க பக்கம் விரியன் உண்டு. கொசுவுக்கு நான் வேப்பெண்ணெய் தேய்ச்சுக்கிடுவேன், கொசுவத்திப் புகையும் அந்தச் சிவப்புக் கங்கும் எனக்கு ஒத்துவரல.

எது எந்த நட்சத்திரம்னு தெரிஞ்சுக்க ஆப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்கிரீன் வெளிச்சத்துல கண்ணு போயிடுது, அதோட என் போன்ல திசை வேற தப்பாக் காட்டும். எனக்குக் கைகொடுத்தது அடுக்களைச் சுவத்துல தொங்குற தினசரி காலண்டர். அதுல தேதிக்குக் கீழ இன்னைக்கு என்ன நட்சத்திரம்னு போட்டிருக்கும், நல்ல நாள் பாக்கவும் பிறந்தநாள் பாக்கவும்தான் நாம அதைப் படிக்கோம். அது வேற ஒண்ணுமில்ல, அன்னைக்கு நிலா வானத்துல எந்த நட்சத்திரப் பகுதியில நிக்கின்னு சொல்லுகது. ரோகிணின்னு போட்டிருந்தா நிலாவுக்குக் கிட்டத்துல செம்மஞ்சளா ஒரு நட்சத்திரம், அதான் ரோகிணி. மகம்னா சிம்மத்துல வெள்ளையா, சித்திரைன்னா நீல வெள்ளையில ஒத்தையா, கேட்டைன்னா விருச்சிகத்துல செக்கச் செவேர்னு. ஊரு வெளிச்சம், நிலா வெளிச்சம் ரெண்டையும் தாங்கிக்கிட்டு தெரியுற அளவுக்கு இந்த நாலும் பிரகாசம். ஒண்ணு கவனிக்கணும், காலண்டர்ல பகல் ரெண்டேகால் வரை ரோகிணி பின்பு மிருகசீரிடம்னு நேரம் போட்டிருக்கும், ராத்திரிக்கு எது வருதோ அதை எடுக்கணும். இன்னொண்ணு, எல்லா நட்சத்திரமும் நிலாப் பாதையில இல்ல. ஜனவரியில சுசீந்திரம் தேரெல்லாம் முடிஞ்சு திருவாதிரை அன்னைக்கு ராத்திரி நிலாவுக்குப் பக்கத்துலயே தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. அது அங்க இருந்து ஒண்ணரை ரெண்டு முஷ்டி தெக்க தள்ளி, வேட்டைக்காரன் தோளுல இருக்கு. சுவாதியும் திருவோணமும் அதுக்கும் மேல, வடக்க ரொம்பத் தள்ளி. முஷ்டின்னா கையை முன்னால நீட்டி விரலை மடக்கிப் பிடிச்சா அந்த அகலம் வானத்துல ஏறக்குறைய 10 டிகிரி, அளவுகோல் எல்லாம் வேண்டாம்.

இந்த வழி புரிஞ்சதும் நம்ம திருவிழாவெல்லாம் எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. கார்த்திகை தீபத்தன்னைக்கு பௌர்ணமி நிலா கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கம், மாசி மகத்துக்கு மகத்துக்குப் பக்கம், சித்ரா பௌர்ணமிக்குச் சித்திரைக்குப் பக்கம். அன்னைக்கு இடத்தைப் பாத்து வச்சுக்கிடுங்க, பத்து பதினஞ்சு நாள் கழிச்சு நிலா இல்லாத ராத்திரியில திரும்பப் போய் அக்கம்பக்கத்து மங்கல் நட்சத்திரமெல்லாம் பாருங்க. நம்ம வானம் எவ்வளவு கெட்டிருக்குன்னு அளக்கவும் கார்த்திகை உதவும், நல்ல இருட்டுல ஆறேழு எண்ணலாம், எங்க வீட்டுல சாதாரண நாள்ல வெறும் புகை மாதிரி, தார்ப்பாய் மறைவுல நாலு. திருவாதிரையைப் பத்தி பிறகு படிச்சது ஒண்ணு, 2019 கடைசியில இருந்து 2020 பிப்ரவரி வரை அது திடீர்னு மங்கிப் போச்சாம், பக்கத்துத் தோள் நட்சத்திரம் அளவுக்கு வந்துட்டு. இதைப் பாக்க டெலஸ்கோப்பும் வேண்டாம் ஹான்லேயும் வேண்டாம், நட்டநடு டவுன்ல நின்னே பாத்திருக்கலாம், அதை முன்னாலயே தெரிஞ்சு வச்சிருக்கணும் அவ்வளவுதான்.

நம்ம மாவட்டத்துல இருக்கவங்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு, அது தெக்குத் திசை. எங்க வீட்டுல இருந்து நாகர்கோவில் வெளிச்சம் கிழக்க வெளுப்பா நிக்கும், தக்கலைப் பக்கம் வடக்க கொஞ்சம், ஆனா தெக்கயும் தென்மேற்கயும் கடல்தான், அங்க ஊரு கிடையாது. அதனால கட்டிலைத் தெக்க பாத்துப் போட்டேன். பிப்ரவரியில ஒம்பது மணிவாக்குல, தலைக்குக் கொஞ்சம் தெக்க வானத்துலயே ரொம்பப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ், அதுக்கு நேர் கீழ, அடிவானத்துல இருந்து மூணு முஷ்டி உயரத்துல ரெண்டாவது பிரகாசமான நட்சத்திரம், அதான் அகத்தியர். மே நடுவுல அதே ஒம்பது ஒம்பதரைக்கு, தெக்க ரெண்டு முஷ்டி உயரத்துல திரிசங்கு, சின்னப் பட்டம் ஒண்ணை நிமித்தி வச்ச மாதிரி நாலு நட்சத்திரம், அதுக்கு இடப்பக்கம் வழிகாட்டுற மாதிரி ரெண்டு பளிச் நட்சத்திரம். ஹான்லேல எவ்வளவு இருட்டா இருந்தாலும் இந்தத் திரிசங்கு முழுசா எழும்பாது, ஹான்லே அவ்வளவு வடக்க இருக்கு. இதைத் தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! பதிலுக்கு நமக்கு துருவ நட்சத்திரம் போச்சு, எட்டு டிகிரி உயரம்தான், மூட்டத்துக்குள்ள கெடக்கும், நான் இன்னும் பாக்கல. வீட்டுக்காரருக்கு மஸ்கட்டுல அது 23 டிகிரிக்கு மேல நிக்குமாம், போட்டோ அனுப்பிச்சு வெறுப்பேத்துதாரு.

அந்த மே மாசத்துல ஒரு ராத்திரி, சாயங்காலம் நல்ல மழை, எங்கயோ மட்டை விழுந்து லைன் அறுந்து ஊரு மொத்தமும் கரண்டு போச்சு. மழை விட்டு வானம் கழுவி விட்டிருந்துச்சு. நான் எதுக்கும் மறைக்காம நேரா வெளிய போய் நின்னேன். தெக்க திரிசங்கைச் சுத்தி வெளிச்சமா ஒரு பட்டை, தென்மேற்குல இருந்து தென்கிழக்கு வரைக்கும், பால்வீதி. திரிசங்கை ஒட்டி அந்தப் பட்டையிலயே ஒரு கறுப்பு ஓட்டை, நெசமா ஓட்டை இல்ல, பின்னால இருக்க நட்சத்திரங்களை மறைக்குற தூசி மேகம். இத்தனை வருஷமா இது இந்த விளைக்கு மேலயே கெடந்திருக்கு. மாமியைக் கூப்பிட்டேன், அவங்க வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டு, சின்னப் பிள்ளையில முற்றத்துல படுத்துக் கெடக்கும்போது தினமும் பாத்ததுதானே இதுன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, கொசு கடிக்குன்னு உள்ள போயிட்டாங்க. எனக்கு அவங்க மேல பொறாமையா இருந்துச்சு. முக்கா மணி நேரத்துல கரண்டு வந்துச்சு, தெரு முழுக்க "ஏய்..."ன்னு சந்தோசக் கூச்சல், நான் ஒருத்திதான் சவத்து லைட்டேன்னு திட்டிட்டு நின்னேன். இன்வெர்ட்டர் இருக்க வீட்டுக்காரங்க கரண்டு போனா அதையும் அணைச்சுட்டு ஒரு தடவை வெளிய வந்து பாருங்க, வருஷத்துல சில நாள்தான் இந்த வாய்ப்பு வரும்.

தெருவிளக்குக்கு ஒரு மூடி போட்டுத் தாங்கன்னு மனு குடுத்தேன். போஸ்ட் நம்பர் எழுதி, போட்டோ வச்சு. நட்சத்திரம் தெரியலன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு அங்க இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்து சிரிச்சாங்க. பல தடவை அலைஞ்சேன், ஒண்ணும் நடக்கல. மனு எழுத நெனைக்கவங்களுக்கு ஒரு தகவல், நட்சத்திரம்னு எழுதாதீங்க, லைட்டு படுக்கையறை ஜன்னலுக்குள்ள அடிக்கி, வயசானவங்க தூங்க முடியலன்னு எழுதுங்க, அது பொய்யும் இல்ல. எந்தக் காரணத்துக்கும் நீங்களே போஸ்ட்ல ஏறி எதையும் கட்டாதீங்க. பக்கத்து விளைக்காரரு மதில்ல மாட்டியிருந்த ஃபோகஸ் லைட்டு விஷயம் ஆனா பேசினதுல முடிஞ்சுது. திருட்டுப் பயத்துக்குத்தான் போட்டிருக்கேன்னாரு. ஆளு நடந்தா மட்டும் எரியுற சென்சார் லைட்டு போட்டா திருடனுக்கும் பயம், கரண்டும் மிச்சம்னு சொன்னேன், நானே ஐநூறு ரூபாக்குள்ள ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். சண்டை போட்டிருந்தா இன்னும் ரெண்டு லைட்டு கூட மாட்டியிருப்பாரு. இப்ப பூனை போனா எரியும், மத்தபடி இருட்டுதான்.

2025 செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம் வந்தப்போ பின்பக்கத்துல எங்க தெருக்காரங்க பாதிப்பேரு. பதினோரு மணிக்கு நிலா முழுசா மறைஞ்சு செம்பழுப்பா ஆயிட்டு, பன்னெண்டேகால் தாண்டுற வரைக்கும் அப்படியே. மேகம் விட்டு விட்டுத்தான் பாத்தோம். பௌர்ணமி வெளிச்சத்துல காணாம போயிருந்த சின்ன நட்சத்திரமெல்லாம் நிலா மங்கினதும் சுத்தி வந்து நின்னுச்சு, பக்கத்துல சனியும். பக்கத்து விளை மாமாவும் வந்திருந்தாரு, டார்ச்சில்லாம.

அடுத்தது டிசம்பர் 13, 14 ராத்திரி ஜெமினிட் எரிகல் மழை. மணிக்கு நூறுக்கு மேலன்னு செய்தியில போடுவாங்க, அது முழு இருட்டுல வானம் மொத்தமும் தெரிஞ்சா வாற கணக்கு, நம்ம பின்பக்கத்துல ஒரு மணி நேரத்துக்குப் பத்து வந்தாலே சந்தோசப்படுங்க. மிதுனத்துப் பக்கம் இருந்து கிளம்பும், இந்த 2025-ல வியாழனும் அங்கேயே இருக்கதால இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்ல, ஆனா அங்கேயே பாத்துட்டு இருக்க வேண்டாம், வானத்துல எங்க இருட்டு கூடுதலோ அங்க பாத்துப் படுத்துக் கெடங்க. பத்து மணிக்கு மேல தொடங்கினா போதும், பின்னிரவுலதான் நிலா வரும். மழை கெடுக்காம இருக்கணும். கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அன்னைக்கு ஒரு நாள் பத்தரைக்கு அணைச்சுத் தாங்கன்னு இப்பவே கேட்டு வச்சிருக்கேன், ரெண்டு வீட்டுல சரின்னுட்டாங்க, மூணாவது வீட்டுல யோசிக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. நாலாவது எங்க வீடு, மகள் இன்னும் சம்மதிக்கல.